பதினோரு பேரின் வெக்கை

தேகு நகரில் வீடு மாற்றித் தருகிற கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரண்டு கதவு ஃபிரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி, மேலே போய் நின்றதும் மூச்சிரைக்காமல், "இதை எந்தப் பக்கம் பார்க்க வைக்கணும்?" என்று விசாரிக்கிற ஆள் ஊருக்கே ஒருவன்தான். பெயர் கல்சான். மங்கோலியாக்காரன். வயது முப்பத்தெட்டு. கொரியாவுக்கு வந்து ஆறு வருடம் ஆயிற்று.

ஜனவரியில் குழாய்த் தண்ணீர் உறைந்து, தெருவே காதுவரை போர்த்திக்கொண்டு திரியும்போது, கல்சான் அரைக்கைச் சட்டையோடு சீட்டியடித்துக்கொண்டு போவான். ஜூலையில் கதை தலைகீழ். நான்கு பக்கமும் மலை சூழ்ந்த ஊர் தேகு. மழைக்காலம் முடிந்த மறுநாளே மூடி போட்ட பானையாகிவிடும். அதே மறுநாள் கல்சானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுவான். அண்ணனுடைய குதிரைகளுக்கு நடுவே புல்வெளியில் ஒன்றரை மாதம் படுத்துக் கிடந்துவிட்டு, இங்கே கொசு அடங்கிய பிறகுதான் திரும்புவான். ஆறு வருடத்தில் ஒரு ஆகஸ்ட்டைக்கூட அவன் இந்த ஊரில் பார்த்ததில்லை.

இதை ஒரு குறையாக அவன் நினைத்ததே இல்லை. போன இலையுதிர்காலத்தில் தொழிலாளர் விடுதியைக் காலி செய்துவிட்டு, இந்தச் சந்தில் சலவைக் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்து வந்தான். இரண்டு கடை தள்ளி மிராங்கின் தொடுகறிக் கடை. சோற்றை வீட்டில் வடித்துக்கொண்டு, கறி கூட்டு வகைகளை மட்டும் டப்பாவில் வாங்கிப் போகிறவர்களுக்கான கடை அது. முதல் நாள் முளைக்கீரை வாங்கினான். மறுநாள் மூன்று தடவை முளைக்கீரை வாங்கினான். ஒரு வாரத்தில் அவனுக்கு முளைக்கீரையைக் கண்டாலே வயிற்றைப் புரட்டியது. இருந்தாலும் போய்க்கொண்டுதான் இருந்தான். மிராங்குக்கு நாற்பது வயது. பேசிக்கொண்டே இருப்பாள், கை நிற்காது, கேலி நிற்காது. அவளுடைய முன்னாள் கணவன் ஒரு நாள் ரேடியோவுக்கு பேட்டரி வாங்கப் போனவன், ஆறு மாதம் கழித்து பேட்டரியோடு வந்தான். அதற்குள் பூட்டை மாற்றிவிட்டிருந்தாள்.

பிப்ரவரியில், சந்திரமானப் புத்தாண்டு கழிந்து வருகிற முதல் பௌர்ணமி நாள். விடிவதற்குள் ஐந்து தானியச் சோறும் காயவைத்த கீரைகளும் வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். மிராங்குக்கு வருடத்திலேயே பெரிய வியாபாரம் அன்றைக்குத்தான். டப்பா கொண்டுபோகிறவர் முந்தின நாள் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நான் போறேன்" என்றான் கல்சான். யாரும் கேட்பதற்கு முன்பாகவே சொன்னான்.

பதினோரு வீடு. முதலில் கீழ்வீட்டுச் சலவைக் கடை. கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து பியோ அண்ணனின் குரல் வந்தது.

"கல்சான்!"

"இதோ வந்துட்டேண்ணே!"

"என் வெக்கையை வாங்கிக்கோ!"

வெளியே மைனஸ் ஏழு டிகிரி. தூக்கக் கலக்கத்தில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டு, "சரிண்ணே" என்று சொல்லி டப்பாவை வைத்துவிட்டு நகர்ந்தான். அடுத்தது முடி அலங்காரக் கடை ஓக் அம்மா. ஜன்னலைத் திறந்து, தெருக்கோடிக்குக் கேட்கிறமாதிரி கூப்பிட்டார். "ஏப்பா கல்சான்!" "சொல்லுங்கம்மா!" "என் வெக்கையும் உனக்குத்தான்!" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மூன்றாவது, சந்துத் தலைவர் தாக். ஓய்வுபெற்ற பதிவாளர். எந்தப் பண்டிகைக்கு எது முறை என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போவார்கள். அவர்கூடக் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, தொண்டையைச் செருமி, அவன் பெயரை முழுசாக உச்சரித்தார்.

கல்சான் திரும்பி வந்தபோது முகம் நிலாபோல இருந்தது.

"மிராங், இந்தத் தெருவுல எல்லாருக்கும் என் பேரு தெரியுது! இத்தனை நாளா 'ஏய் ஃபிரிட்ஜு'ன்னுதான கூப்பிட்டாங்க? இன்னைக்கு வாசலுக்கு வாசல் கல்சான், கல்சான்னு. என்ன பாசம்!"

கரண்டி மிராங்கின் கையிலிருந்து நழுவியது.

"எத்தனை பேர் கூப்பிட்டாங்க?"

"பதினோரு பேரும்."

"எத்தனை பேருக்கு பதில் சொன்னீங்க?"

"பதினோரு பேருக்கும்தான். கூப்பிட்டா ஏன்னு கேக்க வேணாமா?"

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். இந்த ஒரு நாள், சூரியன் கிளம்புவதற்குள் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டு, நாம் பதில் கொடுத்துவிட்டால், கூப்பிட்டவரின் கோடை வெக்கை முழுக்க நம் தலையில் விற்றாகிவிட்டது என்று அர்த்தம். அவருக்கு வருகிற கோடை குளுகுளுவென்று போகும். வாங்கினவன் கதி அதோகதி.

"இங்க அஞ்சு வயசுப் பிள்ளைகூட இன்னைக்கு விடியறவரைக்கும் வாயைத் திறக்காது. நான்தான் சொல்லி அனுப்பியிருக்கணும். கீரை தாளிக்கிற அவசரத்துல மறந்தே போச்சு."

"நான் வேற யாருக்காவது வித்துடலாமா?"

மிராங் கதவைத் திறந்து பார்த்தாள். கிழக்கே மலைக்கு மேல் சூரியன் முழுசாக வந்து நின்றது.

"கடை மூடியாச்சு" என்றாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். கல்சானும் சிரித்தான். அவனுக்கென்ன கவலை? ஜூலையில் அவன் இங்கே இருந்தால்தானே!

மார்ச்சில் பிளம் மரங்கள் பூத்ததும், பூவைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுபோல் குளிர் ஒரு வாரம் திரும்பி வந்தது. தெருவே மூட்டை கட்டி உள்ளே வைத்த கம்பளிகளை மறுபடி உருவி எடுத்தது. கல்சான் மட்டும் பூவுக்கும் குளிருக்கும் ஒருசேர நன்றி சொன்னபடி அலைந்தான். ஏப்ரலில் மஞ்சள் புழுதி வந்தது. வருடா வருடம் மங்கோலியப் பாலையிலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வருகிற புழுதி. கார், ஜன்னல், காயப்போட்ட துணி, ஒன்று பாக்கியில்லை.

"ஏப்பா கல்சான், உங்க ஊரு வந்து என் துண்டுமேல உக்காந்திருக்கு. கூட்டிட்டுப் போ!" என்று ஓக் அம்மா கத்தினார்.

"விருந்தாளிம்மா, ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிடும்!"

எல்லோரும் முகமூடி போட்டுக்கொண்டு போகையில் அவன் மட்டும் நடுத்தெருவில் நின்று ஆழ மூச்சிழுத்தான். பத்துத் தடவை தும்மினான். அப்போதுதான் மிராங் தன் கடைக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான். துணியில் அவனுடைய ஊர் செம்மஞ்சளாக ஒட்டியிருந்தது. பார்த்ததும் அவனுக்குள் என்னவோ கழன்றுகொண்டது.

"மிராங், எங்க ஊர் மண்ணு உங்க கையில இருக்கு. பாக்க நல்லா இருக்கு. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

துணியைப் பிழிந்தாள். மறுபடி பிழிந்தாள். பிழிய அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"ஜூலைல எங்க இருப்பீங்க?"

"ஊர்ல..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்தினான்.

"பாருங்க கல்சான். கிளம்பிப் போறவனை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தாச்சு. நீங்க நல்லவர்தான். முளைக்கீரை பிடிக்காமலே ஆறு மாசமா வாங்கித் திங்கிறவர். ஆனா வெயில் அடிச்சா ஓடுற ஆளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? கோடையில மூணு உச்ச வெக்கை நாள் வருதில்ல, கோழி சூப் குடிக்கிற நாள்? மூணு நாளும் மத்தியானம் என் கடையில உக்காந்து குடிங்க. அப்புறம் பேசலாம்."

"அவ்வளவுதானா?" என்றான் கல்சான். சொன்ன பிறகுதான் பதினோரு பேர் ஞாபகம் வந்தது. தன்னுடையதையும் சேர்த்தால் பன்னிரண்டு.

விஷயம் அன்று மாலைக்குள் சந்து முழுக்கப் பரவியது. விற்றவர்கள் பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் தேடி ஓடினார்கள். யாராவது ஒருவரின் வெக்கையால் ஒரு நல்ல கல்யாணம் கெட்டுப்போனால் யார் பொறுப்பு? தாக் தலைமையில் கூட்டம் கூடி, ஒரு தீர்மானம் போட்டார்கள். விற்றவர்கள் யாரும் இந்தக் கோடையில் 'வேகுது' என்று சொல்லக் கூடாது. விற்ற பொருளை வைத்துக்கொண்டு அனுபவிப்பது முறையில்லை.

அந்த ஜூலையை அந்தத் தெரு மறக்காது. முப்பத்தேழு, முப்பத்தெட்டு டிகிரி. தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. பியோ அண்ணன் இஸ்திரி மேடைக்கு முன்னால் நின்று, மூக்கு நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுக, பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வேர்க்குதா?" என்று மேலேயிருந்து கல்சான் கேட்டான்.

"எனக்கா? எனக்கெதுக்குடா வேர்க்கப் போகுது? நீராவி தம்பி, வெறும் நீராவி! ஜில்லுனு இருக்கு!"

ஓக் அம்மா அவன் தலை தெரிந்ததும் மின்விசிறியை மேசைக்கடியில் காலால் தள்ளிவிட்டு, தோளில் ஒரு சால்வையைப் போட்டுக்கொள்வார். தாக் கோட்டை அவிழ்க்கவே இல்லை. ஒரு நாள் கோட்டோடு பேருந்துக்குக் காத்திருந்தபோது அவர் லேசாக ஆட ஆரம்பித்தார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். கண்ணைத் திறந்ததும் அவர் முதலில் சொன்னது: "இதமான காத்து."

இதற்கிடையே அவனுடைய அறைக்குக் காணிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. பாதித் தர்பூசணி. ஐஸ் போட்ட நூடுல்ஸ். கால் நனைக்க ஒரு ரப்பர் தொட்டி. தாக் கொண்டுவந்தது, ஆள் நீளத்துக்கு மூங்கிலில் பின்னிய, உள்ளே கூடான உருளை. கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்தால் உடம்புக்கு நடுவே காற்று போகும்.

"இதுக்குப் பேரு மூங்கில் பொண்டாட்டி" என்றார் கூச்சத்தோடு.

மிராங் அதைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் எதுக்கு? அதுவே போதுமே. பேசாது, சமைக்கவும் சொல்லாது" என்றாள். கல்சான் பதறிப்போய் அன்றிரவு அதைக் கட்டிக்கொள்ளாமலே வெந்தான்.

முதல் சூப் நாளில் வந்து உட்கார்ந்தான். கொதிக்கிற மண்சட்டியில் முழுக் கோழி, வயிற்றுக்குள் அரிசியும் பூண்டும். வேர்வை சூப்பில் விழுந்து உப்புக் கூடியது. குடித்து முடித்தான். பத்து நாள் கழித்து இரண்டாவது. கண்ணுக்கு முன்னால் குதிரைகள் ஓடின. ஒரு குதிரை நின்று அவனைப் பார்த்து, 'என்னடா இங்க உக்காந்திருக்க?' என்று கேட்டதாகவும் அவனுக்குத் தோன்றியது. அதையும் குடித்து முடித்தான். மிராங் எதிரே உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா விசிறிக்கொண்டிருந்தாள். அவளையறியாமல் விசிறி அவன் பக்கம் திரும்பியிருந்தது.

மூன்றாவது நாள் அவன் வரவில்லை.

பன்னிரண்டு மணி. ஒரு மணி. போன் போட்டால் அணைக்கப்பட்டிருந்தது. இரண்டு மணிக்குப் பியோ மாடியேறிப் போய்க் கதவைத் தட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கி வந்தார். மூன்று மணிக்கு மிராங் சூப்பை அடுப்பிலிருந்து இறக்கினாள். கடையின் இரும்புக் கதவைப் பாதிக்கு இழுத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து பூண்டு உரித்தாள். அன்றைக்குப் பூண்டு தேவையே இல்லை.

"விமான நிலையத்துக்குப் போற பஸ்ஸு காலைல எட்டு மணிக்கு" என்று ஓக் அம்மா மெல்ல ஆரம்பித்தார்.

"தெரியும்" என்றாள் மிராங்.

நாலேகாலுக்குத் தெருமுனையில் கம்பெனி லாரி வந்து நின்றது. அதிலிருந்து கல்சான் இறங்கினான். முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் தடித்த கம்பளியைப் போர்த்தியிருந்தான். உதடு ஊதாவாக இருந்தது. புருவத்தில் ஈரம் முத்து முத்தாக வழிந்துகொண்டிருந்தது.

கடைகளிலிருந்து ஆட்கள் தெருவுக்கு இறங்கி வந்தார்கள்.

காலையில் ஊரெல்லையில் இருக்கிற பழக் குளிர்க்கிடங்கிலிருந்து ஒரு ஆபீஸை மாற்ற வேண்டிய வேலை. பத்து மணிக்கு வேலை முடிந்தது. உள்ளே இரண்டு டிகிரி. ஐந்தே நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பலாம் என்று பெட்டிகளுக்கு நடுவே சாய்ந்தான். மேஜைகளுக்குச் சுற்றுகிற கம்பளி அருகில் கிடந்தது. போர்த்திக்கொண்டான். ஐந்து வாரம் சரியாகத் தூங்காத ஆள். கண் விழித்தபோது மணி மூன்றரை. போன் குளிரில் செத்துப்போயிருந்தது.

"நான் ஓடலை மிராங்" என்றான். பற்கள் தந்தியடித்தன. "கொஞ்சம் ஆறினேன். அவ்வளவுதான்."

பாதி இழுத்த கதவுக்கு அடியில் மிராங்கின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவை அசையவில்லை.

தெருவில் வழக்கு ஆரம்பித்தது. "மத்தியானம்னா பன்னெண்டுலேருந்து ரெண்டு வரைக்கும்தான், அவன் தோத்துட்டான்" என்றார் ஒருவர். "வெயில் இறங்குறவரைக்கும் மத்தியானம்தான்" என்று பியோ கத்தினார். "குளிர்க்கிடங்குல இருந்தது செல்லாது, அது தேகு கோடையே இல்ல" என்றார் இன்னொருவர். தாக் கோட்டுப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, போனில் வரைபடம் பார்த்து, "கிடங்கு மாநகராட்சி எல்லைக்கு நூறு மீட்டர் உள்ளே இருக்கு. ஆள் ஊரை விட்டுப் போகலை" என்று தீர்ப்புச் சொன்னார். சொன்ன வேகத்தில், "அம்மாடி, என்னா வேக்காடு!" என்றும் சொல்லிவிட்டார். பத்துப் பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் அந்த இடத்திலேயே கோட்டைக் கழற்றினார். அத்தோடு ஏப்ரலில் போட்ட தீர்மானம் பொத்தென்று விழுந்தது. ஆளாளுக்கு "வேகுதுடா சாமி!" என்று ஒப்பாரிபோல் கூவிக்கொண்டு விசிறிகளைத் தேடி ஓடினார்கள்.

மிராங் கதவைத் தூக்கினாள். ஆறிப்போன சூப்பை அவன் முன்னால் வைத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றாள்.

"பதிலைச் சொல்லுங்க" என்றான்.

"இந்த வெக்கையில யார் எதைச் சொன்னாலும் செல்லாது. குளிர் வரட்டும், சொல்றேன்."

குளிர் வந்தது. ஆனால் பதில் வரவில்லை. இலையுதிர்காலத்தில் ஊரே வீடு மாறியது. கல்சான் ஒரு நாளைக்கு மூன்று ஃபிரிட்ஜ் சுமந்தான். ஜிங்கோ மரங்கள் பழம் உதிர்த்துத் தெருவை நாறடித்தன. நவம்பரில் மிராங்குக்காக இருநூறு முட்டைக்கோஸ் இறக்கினான். "இதை எங்க வைக்க?" என்று கேட்டான். "அங்க" என்றாள். வேறு பேச்சில்லை. கோடையில் பன்னிரண்டு பேரின் வெக்கையைத் தாங்கினவனுக்கு டிசம்பரில், மைனஸ் எட்டில், அவள் கடையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளங்கை வேர்த்தது. ஒருவேளை மறந்துவிட்டாளோ? ஒருவேளை அந்த நாலேகால் மணிதான் அவளுக்குப் பதிலோ? யாரிடம் கேட்பது?

மறுபடி அந்தப் பௌர்ணமி வந்தது. முந்தின நாள் மிராங், "பதினோரு வீடு. கொண்டுபோய்க் கொடுக்கிறீங்களா?" என்றாள்.

"இந்தத் தடவை வாய் திறக்க மாட்டேன்."

"அது உங்க சாமர்த்தியம்."

அன்று விடியலில் வால்நட் போன்ற கொட்டைகளைப் பல்லால் உடைத்தால் வருடம் முழுக்கக் கட்டி வராது என்பது ஊர் வழக்கம். கல்சான் ஒரு முழு வால்நட்டை ஓட்டோடு எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டான். இனி யமனே கூப்பிட்டாலும் பதில் சொல்ல முடியாது. "கல்சான்!" என்றார் பியோ. கன்னம் உப்ப ஒரு சிரிப்பு. "ஏப்பா கல்சான்!" "கல்சான் தம்பி!" பதினோரு வாசலிலும் தலையை மட்டும் ஆட்டினான். எச்சில் வழிந்தது. கௌரவம் போனது. ஆனால் ஒரு சொல் விழவில்லை. தாக் மட்டும், அவன் போகையில், முதுகுக்குப் பின்னால் மெல்லச் சொன்னார்: "சூரியன் வர இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு தம்பி. விக்கிறதுன்னா இப்பவே."

கல்சான் ஓடினான். கடை வாசலில் நின்று வால்நட்டைத் துப்பிக் கையில் பிடித்துக்கொண்டான். மிராங் கீரைச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. வேறு எப்படிக் கேட்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"மிராங்!"

அவள் கை நின்றது. அந்த ஊரில் பிறந்தவள். அந்த நாளில், அந்த நேரத்தில், நாற்பது வருடமாக ஒருவருக்கும் பதில் கொடுக்காதவள். மெதுவாகக் குழாயை மூடினாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். கிழக்கே பார்த்தாள். மலைமேல் இன்னும் ஒன்றும் இல்லை, வெறும் சிவப்பு. அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க?" என்றாள், சத்தமாக, ஓக் அம்மா ஜன்னல்வரை கேட்கும்படி.

கல்சான் வால்நட்டை உள்ளங்கையில் உருட்டினான்.

"அது... போன வருஷம் வாங்கினதை நான் இன்னும் யாருக்கும் விக்கலை. பன்னெண்டு பேரோடது மிராங். ரொம்ப அதிகம்."

"சூரியன் வந்துடும். சொல்லித் தொலைங்க!"

"என் வெக்கையை வாங்கிக்கோங்க!"

"வாங்கியாச்சு."

ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. யாரோ கைதட்டினார்கள். பியோ பனியன்மேல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கே ஓடிவந்து, "அப்ப இந்த வருஷத்து வெக்கையை நாங்க எவன் தலையில கட்டுறது?" என்று கேட்டார். கேட்டதும், அவர் மனைவி உள்ளேயிருந்து அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "என்னடி?" என்றார் பியோ. மறுகணமே வாயைப் பொத்திக்கொண்டார். தெரு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவேதான் மலைமேல் சூரியன் வந்தது.

மிராங் அவன் உள்ளங்கையிலிருந்து எச்சில் வால்நட்டை எடுத்துக் கழுவி, கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தாள். டப்பென்று உடைந்தது. பாதியை அவனிடம் நீட்டினாள்.

"இவ்வளவு வெக்கையையும் வாங்கி வெச்சுக்கிட்டு ஜூலைல நான் இந்த ஊர்ல கிடக்க முடியுமா? உங்க அண்ணன்கிட்ட சொல்லி ஒரு குதிரையை எனக்கும் சேர்த்துப் பிடிச்சு வைக்கச் சொல்லுங்க. ரெண்டு டிக்கெட் போடுங்க."